எலிக்கு வந்தால் நமக்கென்ன?

எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் எலி சாகாது. ஏழு முதல் பத்து நாளுக்குள் கல்லீரல் பழைய எடைக்கு வளர்ந்து, அத்துடன் நின்றுவிடும். 1931-ல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இந்த அறுவையை முறைப்படுத்தி எழுதினார்கள். இன்றுவரை அதே முறைதான் நடக்கிறது. வளர்கிறது என்பதைவிட, சரியான அளவு வந்ததும் நிற்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. அந்த உறுப்புக்குள் நிற்கத் தெரியாத ஒரு செல் இருந்து, அதன் பக்கத்தில் ஏதோ ஒரு ரசாயனம் நாள் தவறாமல் "வளர், வளர்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

நான் பினாங்கில் திசு ஆய்வுக்கூடத்தில் நீண்ட காலம் வேலை செய்தவள். மெழுகில் பதித்த கல்லீரல் துண்டை நாலைந்து மைக்ரான் தடிமனுக்குச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயமிடுவது என் வேலை. மனிதத் திசுவும் வரும், எலித் திசுவும் வரும். அதனால் உறவினர்கள் புற்றுநோய் பற்றி எதைப் படித்தாலும் என்னிடம்தான் கேட்பார்கள். அண்மையில் கேட்டவர் என் கொழுந்தன். பிறை தொழிற்பேட்டையில், மின்கம்பிகளுக்கு மேலுறை போடும் பிவிசி கலவைப் பிரிவில் இருக்கிறார். பிவிசியை வளையவைக்க ஊற்றும் எண்ணெய் எலிகளுக்குக் கல்லீரல் புற்றைக் கொடுக்கிறது என்று யாரோ கைப்பேசியில் அனுப்பியிருக்கிறார்கள். "அண்ணி, எலிக்கு வந்தா நமக்கென்ன? எங்க சூப்பர்வைசர் சிரிக்கிறாரு. ஆனா எனக்குத் தூக்கம் வரல" என்றார்.

சூப்பர்வைசரின் சிரிப்பும் சரியில்லை, இவர் தூக்கத்தை இழப்பதும் சரியில்லை. எலிக்கு வந்தது எந்த வழியாக வந்தது என்று பார்க்காமல் இரண்டில் எதையும் சொல்ல முடியாது.

கல்லீரல் புற்றை எலிக்கு வரவைக்கலாம் என்று முதலில் காட்டியவர்கள் ஜப்பானியர்கள். சசாகி, யோஷிதா இருவரும் 1930களில் ஒரு அசோ சாயத்தைத் தீனியில் கலந்து கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் கினோசிதா, வெண்ணெய் மஞ்சள் என்று பெயர் பெற்ற இன்னொரு சாயத்தை எடுத்துக்கொண்டார். மார்ஜரினுக்கு நிறம் கொடுக்கப் பயன்பட்ட பொருள் அது. அந்த எலிகளுக்கு அரிசிதான் முக்கியத் தீனி. 1941-ல் நியூயார்க்கில் அதே சோதனையைச் செய்தவர்கள், தீனியில் ரைபோபிளேவினும் பால் புரதமும் கூட்டினால் புற்று பெருமளவு குறைவதைக் கண்டார்கள். விஷம் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான், தட்டில் இருந்த மற்றது மாறியபோது முடிவு மாறிவிட்டது. புற்று ஒரே அடியில் வருவதல்ல என்பதற்கு இதுவே ஆரம்பகாலச் சாட்சி.

அதே 1941-ல் அமெரிக்காவில் பூச்சிமருந்தாக விற்கலாம் என்று நினைத்த ஒரு பொருளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு-அசெட்டைலமினோபுளோரீன் என்பது அதன் பெயர். எலிகளுக்குப் பல உறுப்புகளில் கட்டி வந்தது. பொருள் சந்தைக்கே வரவில்லை. தோட்டங்களில் என் தாய்மாமன் தலைமுறையினர் முதுகில் பம்பைத் தூக்கிக்கொண்டு மருந்து அடித்ததை நினைக்கும்போது, வராமல் போன அந்தப் பூச்சிமருந்துக்காக அந்த எலிகளுக்கு நன்றி சொல்லத் தோன்றும். இது உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதல்ல. அந்தச் சோதனை நடக்காமல் இருந்திருந்தால் நம் ஆட்கள் கையில்தான் அது வந்து சேர்ந்திருக்கும்.

விற்பனைக்கு வராத அந்தப் பொருள் ஆய்வுக்கூடங்களில் தங்கிவிட்டது. 1971-ல் பெரைனோவும் அவருடைய குழுவினரும் அதை எலிகளுக்குச் சில வாரங்கள் மட்டும் கொடுத்து நிறுத்தினார்கள். பிறகு ஒரு பிரிவுக்கு பீனோபார்பிட்டல் கொடுத்தார்கள். வலிப்பு நோய்க்கு மனிதர்கள் சாப்பிடும் அதே மருந்துதான். அந்தப் பிரிவில் கல்லீரல் கட்டிகள் கூடின. ஆனால் இரண்டையும் ஒரே சமயத்தில் கொடுத்த பிரிவில் கட்டிகள் குறைந்தன! சேர்த்துக் கொடுக்கும்போது பீனோபார்பிட்டல் கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிட்டு விஷத்தை வெளியேற்ற உதவுகிறது. விஷம் தன் வேலையை முடித்துச் சென்ற பிறகு கொடுத்தால், ஏற்கெனவே கெட்டுப்போன செல்களை வளர்த்துவிடுகிறது. நான் படித்த சோதனைகளில் இதைப்போல் என்னை நிறுத்தி வைத்தது வேறொன்றுமில்லை. வரிசை மாறினால் காவலனே எதிரியாகிறான்.

இப்படி மரபணுவைத் தானாகக் கெடுக்காமல், கெட்டுப்போன செல்லை வளர்த்துவிடும் பொருளைத்தான் ஊக்கி என்கிறோம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம்: உரம் எதையும் விதைப்பதில்லை, விழுந்து கிடக்கும் விதையைத்தான் பயிராக்கும். ஊக்கி இல்லாவிட்டால் அந்த விதை பல ஆண்டுகள் சும்மாவே கிடந்துவிடக்கூடும்.

தொழிற்சாலைகளிலிருந்து சுற்றுப்புறத்துக்கு வரும் மாசுகளில் எலியின் கல்லீரலைப் பொறுத்தவரை பெயர்போனவை பல இந்த ஊக்கி வகை. பிசிபி எண்ணெய்களை எடுத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்பார்மர்களிலும் கெப்பாசிட்டர்களிலும் பல ஆண்டுகள் ஊற்றப்பட்டவை அவை. 1975-ல் ரெனேட் கிம்ப்ரோ தலைமையில் அமெரிக்காவில் பெண் எலிகளுக்கு அரோக்ளோர் 1260 என்ற பிசிபி கலவையைத் தீனியில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்ற அளவில் ஏறக்குறைய 21 மாதம் கொடுத்தார்கள். 184 எலிகளில் 26-க்குக் கல்லீரல் புற்று. பிசிபி கொடுக்காத 173 எலிகளில் ஒன்றுக்குத்தான். இந்த இரண்டு எண்களை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

குளோரின் கலந்த பொருட்கள் எரியும்போது உண்டாகும் நச்சுகளான டையாக்சின்களில் மிகக் கொடியதான டிசிடிடி-க்கு இவ்வளவுகூடத் தேவைப்படவில்லை. 1978-ல் கொசிபா குழுவினர் இரண்டு ஆண்டு நடத்திய சோதனையில், உடல் எடை ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.1 மைக்ரோகிராம் போதுமாக இருந்தது, பெண் எலிகளின் கல்லீரலில் கட்டி வர. இரண்டு ஆண்டு கழித்து விஸ்கான்சினில் ஹென்றி பிட்டாட் குழுவினர் இதைப் பிரித்துக் காட்டினார்கள். முதலில் கல்லீரலின் ஒரு பகுதியை வெட்டி, டைஎத்தில்நைட்ரசமின் சிறிதளவு கொடுத்துச் செல்களைக் கெடுத்தார்கள். அதன் பிறகு டையாக்சின் கொடுத்தால் புற்று வந்தது. டையாக்சின் மட்டும் கொடுத்த எலிகளில் அந்தச் சில மாதங்களுக்குள் அப்படி வரவில்லை. டையாக்சின் வெறும் ஊக்கி அல்ல, பலமான ஊக்கி என்று அன்று தெரிந்தது.

பெண் எலிகள் என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன், அது தற்செயல் அல்ல. டையாக்சினால் வரும் கல்லீரல் கட்டி பெண் எலியில்தான் தெளிவாகத் தெரிகிறது. 1991-ல் லூசியர் குழுவினர் சினைப்பைகளை எடுத்துவிட்ட பெண் எலிகளில் சோதித்தபோது டையாக்சினின் ஊக்கம் குறைந்தது. பெண்ணின் ஹார்மோனும் டையாக்சினும் கல்லீரலுக்குள் கைகோக்கின்றன. தொழிற்சாலைப் பாதுகாப்பு என்றாலே ஆணின் உடலை வைத்து அளந்து பழகிய நமக்கு இது ஒரு பாடம். பிறையிலும் பாயான் லெப்பாசிலும் உற்பத்தி வரிசைகளில் நிற்பவர்கள் பெரும்பாலும் யார் என்று ஒருமுறை பார்த்துவிட்டு யோசியுங்கள்.

சோதனை எப்படி நடக்கிறது என்று கொழுந்தன் விவரமாகக் கேட்டார். அதையும் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் எனக்கு நம்பிக்கை பிறந்தது. ஜப்பானில் நகோயாவில் நொபுயுகி இதோ என்ற நோய்க்குறியியல் அறிஞர் எட்டு வாரச் சோதனை ஒன்றை வடிவமைத்தார். எல்லா எலிகளுக்கும் முதல் நாள் டைஎத்தில்நைட்ரசமின் ஒரே ஊசி, கிலோவுக்கு 200 மில்லிகிராம். இரண்டு வாரம் கழித்து ஒரு பிரிவுக்கு மட்டும் சந்தேகத்துக்குரிய ரசாயனம். மூன்றாம் வாரம் எல்லாவற்றுக்கும் மூன்றில் இரண்டு பங்கு கல்லீரல் நீக்கம். எட்டாவது வாரம் கல்லீரலை எடுத்து, குளுட்டாதயோன் டிரான்ஸ்பரேஸ் என்ற நொதியின் நஞ்சுக்கொடி வகையைக் காட்டும் சாயம் போடுவார்கள். நல்ல செல்கள் வெளிறிக் கிடக்கும், மாறிப்போனவை பழுப்புத் தீவுகளாகத் தெரியும். சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை தீவு, மொத்தப் பரப்பு எவ்வளவு என்று அளப்பார்கள். முதல் ஊசி எல்லாருக்கும் பொது என்பதால், தீவுகள் கூடினால் அது இரண்டாவது பொருளின் கைவேலை.

அந்தத் தீவுகள் புற்று அல்ல. ஒவ்வொன்றும் புற்றாகப் போவதும் இல்லை. ஊக்கியை நிறுத்தினால் அவற்றில் பல சுருங்கிவிடுகின்றன. 1980களில் வியன்னாவில் ஷுல்ட்டே-ஹெர்மன், புர்ஷ் முதலானோர் இதைத் துருவிப் பார்த்தார்கள். ஊக்கியின் குரல் நின்றதும், அதுவரை அதன் தயவில் பிழைத்திருந்த செல்கள் தாமாகவே மடிந்து உதிர ஆரம்பித்தன. எல்லாம் போய்விடுவதில்லை. பிட்டாட் ஆய்வுக்கூடத்தில் நிறுத்திய ஊக்கியை மறுபடி கொடுத்தபோது மறைந்த தீவுகள் திரும்பத் தலைகாட்டின. முற்றிய கட்டியாகிவிட்டால் நிறுத்துவதும் உதவாது. ஆனாலும் நடுவில் ஒரு நீண்ட காலம் இருக்கிறது. அந்தக் காலத்தில் நிறுத்தினால் பலன் உண்டு. "இத்தனை வருஷம் சுவாசிச்சாச்சு, இனிமே என்ன?" என்று நம் ஆட்கள் சொல்வதை எத்தனையோ வீட்டில் கேட்டிருக்கிறேன். எலியின் கல்லீரல் அந்தப் பேச்சை ஒப்புக்கொள்ளவில்லை. நான் இவ்வளவு எழுதுவதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

நிறுத்துவது என்றால் ஆலையை விட்டு விலகுவது மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது, பொருள் உடலை விட்டு விலகவும் வேண்டும். பிவிசியை வளையவைக்கும் டிஇஎச்பி ஓரிரு நாளில் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். டிசிடிடி எலியின் உடலில் பாதியாகக் குறைய வாரக் கணக்கு ஆகும். மனித உடலில் ஏறக்குறைய ஏழு ஆண்டு. கொழுப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டு உள்ளிருந்தே குரல் கொடுக்கிறது. ஆகவே டையாக்சினைப் பொறுத்தவரை உள்ளே வராமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

இனி கொழுந்தனின் எண்ணெய். 1982-ல் அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் டிஇஎச்பி-யைத் தீனியில் கலந்து எலிகளுக்கு 12,000 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 12,000 பங்கு) வரையிலும் சுண்டெலிகளுக்கு 6,000 பிபிஎம் வரையிலும் கொடுத்து, கல்லீரல் கட்டி வருவதை உறுதி செய்தது. அதற்கு முன்பே, இந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்ற ஜனார்த்தன ரெட்டி கொழுப்பைக் குறைக்கும் சில மருந்துகளில் இதே விளைவைக் கவனித்திருந்தார். செல்லுக்குள் பெராக்சிசோம் என்ற சிறு உறுப்புகள் பெருகின, கல்லீரல் வீங்கியது, பிறகு கட்டி வந்தது. 1990-ல் இந்தப் பொருட்களின் குரலைக் கேட்கும் ஏற்பி, அதாவது அவற்றைப் பற்றிக்கொள்ளும் செல்லின் புரதம், கண்டுபிடிக்கப்பட்டது. பிபிஏஆர்-ஆல்பா என்று பெயர். அந்த ஏற்பியே இல்லாமல் பிறக்கவைத்த சுண்டெலிகளுக்கு இவ்வகை மருந்துகளில் வலுவான ஒன்றைக் கொடுத்தார்கள். அவற்றுக்குப் புற்று வரவில்லை.

மனிதக் கல்லீரலில் இந்த ஏற்பி எலியைவிடப் பல மடங்கு குறைவு. பெனோபைப்ரேட் என்ற மாத்திரை நம் வீடுகளில் எத்தனையோ பேர் சாப்பிடுவது. இனிப்புநீரும் இரத்தக் கொழுப்பும் சேர்ந்த என் பெரியப்பாவின் மருந்துப் பெட்டியிலும் இருந்தது. அதே ஏற்பியைத்தான் அது தொடுகிறது, எலிக்குக் கட்டி கொடுக்கிறது, மனிதர்கள் பல்லாண்டு சாப்பிட்டும் அப்படி ஆகவில்லை. பீனோபார்பிட்டலின் கதையும் ஏறக்குறைய இதுதான். அதைப் பல ஆண்டு சாப்பிட்ட வலிப்பு நோயாளிகளிடம் மருந்தினால் கல்லீரல் புற்று கூடியதாகத் தெளிவான சான்று இல்லை. அதனால் லியோனில் இருக்கும் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2000-ல் டிஇஎச்பி-யைப் பட்டியலில் கீழே இறக்கி, வகைப்படுத்த இயலாத மூன்றாம் பிரிவில் வைத்தது.

கதை அங்கே முடியவில்லை. 2007-ல் ஜப்பானில் இதோ என்ற இன்னொருவர் குழு (மேலே சொன்ன நகோயா அறிஞர் அல்ல) அந்த ஏற்பி இல்லாத சுண்டெலிகளுக்கு டிஇஎச்பி கொடுத்தபோது அவற்றிலும் கட்டிகள் வந்தன. வேறு பாதையும் இருக்கிறது என்று ஆயிற்று. 2011-ல் முகமை கூடியபோது, மனிதருக்குப் புற்று விளைவிக்கக்கூடும் என்ற 2பி பிரிவுக்கு டிஇஎச்பி மறுபடி ஏற்றப்பட்டது. "விஞ்ஞானிகளே மாத்தி மாத்திச் சொல்றாங்க" என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். எனக்கோ இதில்தான் மரியாதை கூடுகிறது. எலிச் சோதனையை வேதவாக்காகவும் எடுக்காமல், குப்பையிலும் போடாமல், பாதையைத் தேடிக்கொண்டே இருந்தார்கள்.

சில பாதைகள் மனிதர்வரை வந்தே சேர்ந்தன. மனிதருக்குப் புற்று விளைவிக்கும் என்று முகமை உறுதியாகச் சொல்லும் முதல் பிரிவுக்கு டிசிடிடி 1997-ல் போனது, பிசிபி 2013-ல் போனது. 2023-ல் ஒட்டாத சட்டி, நீர் ஒட்டாத துணி முதலியவற்றின் தயாரிப்பில் புழங்கிய பிஎப்ஓஏ-வும் அங்கே சேர்ந்தது. இது எலியின் கல்லீரலில் கட்டி வரவைப்பதாக முன்பே காட்டப்பட்ட பொருள். 1968-ல் மேற்கு ஜப்பானில் பிசிபி கசிந்த தவிட்டு எண்ணெயில் சமைத்துச் சாப்பிட்டவர்களுக்கு யூஷோ என்ற நோய் வந்தது. அவர்களில் ஆண்களிடம் கல்லீரல் புற்றுச் சாவு எதிர்பார்த்ததைவிடக் கூடியிருந்ததைப் பிறகு கண்டார்கள்.

நம் நாட்டில் இதற்கு ஒரு தனி அழுத்தம் உண்டு. மனிதக் கல்லீரலில் கெட்டுப்போன செல் எங்கிருந்து வருகிறது? ஹெப்படைடிஸ் பி ஒரு முக்கியக் காரணம். பச்சிளங் குழந்தைகளுக்கு அதன் தடுப்பூசியை மலேசியா 1989-லிருந்துதான் போட ஆரம்பித்தது. அதற்கு முன் பிறந்த நாமெல்லாம் அந்தப் பாதுகாப்பு இல்லாமல் வளர்ந்தவர்கள். பூஞ்சை பிடித்த கடலையிலும் சோளத்திலும் இருக்கும் அப்லாடாக்சின் இன்னொரு காரணம். 1988-ல் பேராக்கில் நூடல்ஸ் சாப்பிட்ட 13 குழந்தைகள் கல்லீரல் செயலிழந்து இறந்ததும், அவர்கள் உடலில் அப்லாடாக்சின் இருந்ததும் என் தலைமுறைக்கு நினைவிருக்கும். அது ஒரேயடியாக உடலில் ஏறிய விஷம். சிறுகச் சிறுக ஏறுவதன் விளைவை ஷாங்ஹாயில் அளந்திருக்கிறார்கள். 1994-ல் வெளிவந்த அந்த ஆய்வில் அப்லாடாக்சின் மட்டும் பட்டவர்களுக்குக் கல்லீரல் புற்று ஆபத்து 3.4 மடங்கு, வைரஸ் மட்டும் இருந்தவர்களுக்கு 7.3 மடங்கு, இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 59.4 மடங்கு. இரண்டு கை சேர்ந்தால் மனிதக் கல்லீரலில் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு எண் வேண்டாம்.

இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டுதான் பிளாஸ்டிக் குப்பையை எரிப்பவர்கள் மீது நான் கோபப்படுகிறேன். 2018-ல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுகளுக்குக் கதவைச் சாத்தியதும் அவை நம் பக்கம் திரும்பின. கோலாலம்பூருக்குத் தெற்கே ஜெஞ்ஜாரோமில் அனுமதியில்லாத ஆலைகள் முளைத்து, இரவில் எரித்த புகையில் மக்கள் மூச்சுத் திணறினார்கள். 2020 ஜனவரியில் அமைச்சர் யோ பீ யின், 150 கொள்கலன் கழிவுகளைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது என்று பட்டர்வொர்த்தில் அறிவித்தார். எரியும் குவியலில் பிவிசி இருந்தால் அந்தப் புகையில் டையாக்சின் இருக்கும். உடலில் பாதியாகக் குறையவே ஏழு ஆண்டு எடுக்கும் பொருளை, கல்லீரலில் ஏற்கெனவே வைரஸ் இருக்கிறதோ இல்லையோ தெரியாத ஒரு தாமான் (குடியிருப்பு) முழுக்கச் சுவாசிக்கிறது. எரிப்பவன் மிச்சம் பிடிப்பது குப்பை அகற்றும் கூலி மட்டும். இதற்குத் தண்டம் கட்டினால் போதும் என்று விடுவது எனக்குச் சம்மதமில்லை.

கொழுந்தனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். "தம்பி, உங்க எண்ணெய் எலிக்குப் போட்ட அளவு உங்களுக்குப் போகல. எலிக்கு இருக்கற அளவு அந்த ஏற்பியும் உங்களுக்கு இல்ல. அதுக்காகச் சும்மா இருக்கவும் வேணாம்." முதலில் ஹெப்படைடிஸ் பி இரத்தப் பரிசோதனை. 1989-க்கு முன் பிறந்தவர், இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை. அடுத்தது, அந்த எண்ணெய்க்கான பாதுகாப்புத் தகவல் தாள். 2000-ல் வந்த தீங்கான ரசாயனப் பயன்பாட்டு விதிகளின்படி முதலாளி தம்மிடமுள்ள ரசாயனங்களின் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும், ஆபத்தை மதிப்பிட வேண்டும், தாளைத் தொழிலாளி பார்க்க முடிய வேண்டும். அதில் எச்350 என்ற ஆபத்துக் குறியீடு இருந்தால் புற்று விளைவிக்கலாம், எச்351 என்றிருந்தால் விளைவிப்பதாகச் சந்தேகம். நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மனித உருவம் சிவப்புச் சட்டத்துக்குள் இருக்கும். டிரம்மிலும் அதே படம் ஒட்டியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் அவர் அந்தத் தாளைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினார். டிஇஎச்பி அல்ல, இப்போது வேறொரு எண்ணெய்க்கு மாறியிருக்கிறார்கள். ஆனால் மூலையில் நிற்கும் பழைய டிரம்களில் படமும் இல்லை, பெயரும் இல்லை. சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறார், இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லையாம், பதிலும் சொல்லவில்லையாம். பாதுகாப்புக் குழுவில் இருக்கும் தொழிலாளர் பிரதிநிதியிடம் எழுத்தில் கொடுங்கள், ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.